ஒன்பதாம் நம்பர் புழு

ஒரு வியாதியை ஒழிப்பதென்று மேலிடம் தீர்மானித்துவிட்டால் முதலில் ஒரு கூடாரம் வரும், அதற்குள் ஒரு மேஜை வரும். 1936 ஆனி மாதம், ராசிபுரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நரம்புச் சிலந்தி என்னும் புழு வியாதிக்குப் புது மருந்து பரிசோதிக்கும் முகாமும் அப்படித்தான் வந்தது. மேஜைக்குப் பின்னால் டாக்டர் சுவாமிநாதன் இருந்தார்.

குடியானவர் சின்னண்ணன் நொண்டிக்கொண்டே ஒன்பதாவது ஆளாகப் போய் நின்றார். கணுக்காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரி புழு தலை நீட்டியிருந்தது. மழை பெய்து நாலு நாள் ஆகிவிட்டது. ஈரம் காய்வதற்குள் கடலைக்காய் விதைக்காவிட்டால் அந்த வருஷம் பாழ்.

"மருந்து குடுங்க சாமி, ஏர் புடிக்கோணும்."

"தரலாம். இது நரம்புச் சிலந்திதான் என்று முதலில் ருசுவாக வேண்டும்."

"தலை தெரியுதுங்களே."

"தலையைப் பார்த்து முடிவு கட்ட விதியில்லை. முழுப் புழுவும் அறுபடாமல் சீசாவில் தலைமை ஆபீசுக்குப் போகவேண்டும். உம்முடையது ஒன்பதாம் நம்பர். அது இனி சர்க்கார் சொத்து, ஜாக்கிரதை."

சின்னண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன செய்வார், ஊர் வழக்கப்படி சர்க்கார் சொத்தைக் குச்சியில் சுற்றினார், தினம் ஒரு விரற்கடை. எரிச்சல் தாங்காதபோது படிக்கிணற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே ஏற்கனவே பதினோரு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த படியில் பெண்கள் குடிக்கத் தண்ணீர் மொண்டார்கள்.

அவர் மனைவி வள்ளியாத்தாள் டாக்டரிடமே போய்க் கேட்டாள்: "ஏனுங்க, இந்தத் தண்ணியாலதான் சிலந்தி வருதுன்னு உங்க புஸ்தகத்துல இருக்குதாமா. கெணத்த மூடிப்போட்டா என்னுங்க?"

"கிணறு வேறு இலாகா அம்மா. தவிர, வியாதி ஒழிந்துவிட்டால் மருந்தை யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இருபத்திரண்டாம் நாள் புழு முழுசாக வந்தது. அதற்குள் ஈரம் போயே போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத் தலைமை ஆபீசிலிருந்து ருசுவும் வந்தது. அன்றே சின்னண்ணனுக்குப் பச்சை மருந்தைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் அவர் காலைத் தடவிப் பார்த்த டாக்டர், புழு இல்லாததைக் கண்டு பரவசமானார். மருந்து குடித்த அத்தனை பேருக்கும் குணம், நூற்றுக்கு நூறு. ஊரே கூடி மாலை போட்டு, கிணற்றடியில் பானகம் கரைத்தது. டாக்டர் மூன்று டம்ளர் குடித்தார். பானகத்தைத் தண்ணீர் என்று எந்தப் புஸ்தகத்திலும் சொல்லவில்லை.

அடுத்த ஆனியில் மறுபடியும் முகாம் வந்தது; சட்டையில் மெடலோடு டாக்டர் காரிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினார்.

"சின்னண்ணன், குச்சியில் சுற்றத் தெரியுமே உமக்கு. சீக்கிரம் எடுத்துவிடும், உயிர் போகிறது."

"எடுக்கறனுங்க. இது சிலந்திதான்னு ருசு இருக்குதுங்களா?"

டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டு கார்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். சின்னண்ணனுக்கே பாவமாகிவிட்டது.

"செரி, வாங்க சாமி. மொதல்ல எரிச்சலுக்குக் காலை நனைச்சுக்கலாம். எனக்கும் இந்த வருசம் வலது கால்ல வந்திருக்குது."

இருவரும் படிக்கிணற்றில் இறங்கி உட்கார்ந்தார்கள். வள்ளியாத்தாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று சொல்லி, டாக்டர் காலுக்குப் பக்கத்திலேயே குடத்தை முக்கினாள். முகாமில் மருந்து கலக்கத் தண்ணீர் கேட்டிருந்தார்கள்.