கார்த்திகேசு செவிக்கவசம் பூண்ட படலம்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் பன்னிரண்டாம் மாடியில், வெயில் வெறியேறிய ஒரு பிற்பகலில் மூண்ட பெரும்போரில் களத்தில் இருந்தோர் பின்வருமாறு:

காஜாங் ஈன்ற காளை, கிள்ளான் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிப் பகலெல்லாம் உறங்கும் கூகைக்குல வேந்தன், பட்டப்படிப்பைப் பாதியில் முறித்த பெருந்திறல் கார்த்திகேசு.

அவ்வீட்டுக்கு உடையவள், அறைகளை வாடகைக்கு விட்டுக் கூடத்தைத் தனக்கென வைத்துக்கொண்டவள், சுவரளவுத் தொலைக்காட்சியின் ஏகசக்கரவர்த்தினி லோகேஸ்வரி அக்கா.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலையை வீசி விரித்து வீசி மடிக்கும் விரைகரத்தோன், கேளாமலே அறிவுரை ஈயும் வள்ளல், அன்று விடுப்பில் இருந்த பக்கத்து அறை யூனுஸ்.

எதிர்வீட்டு அய்யாவு அங்கிள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியிலிருந்து ஓய்வு பெறாதவர்.

இவர்களோடு, அடுத்த மனையில் வானளாவ எழும் புதுக் கொண்டோவின் கற்சுவரைக் குடைந்துகொண்டிருந்த துளைக்கருவி ஒன்று. அதை இயக்கியவன் பெயர் தெரியாது. அவனுக்குத் தேநீர் இடைவேளை இல்லை என்பது மட்டும் தெரியும்.

இத்தனை பேர் நடுவே, கரிய மேனியும் ஒற்றை நீலக் கண்ணும் கொண்டு மேசைமேல் கிடந்தது கம்பியில்லா ஹெட்போன். போர் அதற்காகத்தான்.

இணைப்புக்கெல்லாம் இறையாகிக் கண்ணில் படாது காற்றில் உலவும் புளூடூத் தெய்வமே! பத்து மீட்டருக்குள் அருள் பொழிந்து, அதற்கப்பால் அடியாரை அறியாத கருணைக்கடலே! சேர்த்தது ஏன், பிரித்தது ஏன் என்று எவருக்கும் சொல்லாத பெருமானே! இக்கதை முடியும்வரை துண்டித்துக்கொள்ளாது துணைநில்.

வாழ்க கார்த்திகேசு! ஊர் உறங்குகையில் கண் சிவக்க விழித்து, ஊர் விழிக்கையில் திரையை இழுத்து மூடி, ஞாயிறு என்றொரு கோள் உண்டென்பதைப் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் அறிந்து, குளிர்க்கிடங்கில் பெட்டிகளை மலையென அடுக்கி, அடுக்கிய மலையைப் பிறர் கலைக்கக் கண்டு, கலைந்ததை மறுபடி அடுக்கிய தளராத் தோளன் வாழ்க!

அந்தத் தோளனுக்கு அன்று மூன்றரை மணிக்கு நேர்காணல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய கண்ணாடிக் கோபுரத்தில், லோரிகளுக்கு அட்டவணை போடும் வேலை. பகல் வேலை. கிடைத்தால் இரவில் தூங்கலாம். வேறெந்த வரமும் அவன் கேட்கவில்லை.

நேர்காணல் கைபேசித் திரையில், முகம் காட்டிப் பேச வேண்டிய நேர்காணல். துளைக்கருவியோ மண்டையோட்டுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தியது. வெளியிரைச்சலை விழுங்கி அமைதியைத் தரும் அந்த ஹெட்போன் ஒன்றே அவனுக்குக் கவசம். ஆகவே வீரன் போர்க்கோலம் பூண்டான். வெள்ளைச் சட்டை அணிந்தான். கழுத்தில் நீலப் பட்டையை நாகமென முடிந்தான். தலையில் நீர் தெளித்து வகிடு கீறினான். திரையில் மார்புக்கு மேலேதான் தெரியும் என்பதால், இடைக்குக் கீழே கட்டியிருந்த கட்டம் போட்ட கைலியை மாற்றவில்லை. தேய்த்து மடிப்புக் குலையாத கால்சட்டை, அடையாள அட்டை செருகிய பணப்பையையும் வீட்டுச் சாவியையும் தன் பைகளில் தாங்கியபடி, அறைக்கதவின் பின்னால் தொங்கியது.

யூனுஸ் ஏற இறங்கப் பார்த்தான், கால்சட்டையைக் காணாது வினவினான்.

"என்னா bro, மேல ஆபிஸ், கீழ மீன் பாசாரா? சிலுவார் எங்க?"

"எவன்டா கீழ பாக்கப் போறான்?" என்று முழங்கினான் வேந்தன்.

இங்கே அவ்வீட்டின் நீதிகளைக் கூறியாக வேண்டும். இரவு வேலைக்காரர்கள் வாழும் வீடு அது. பகலில் தொலைக்காட்சி வாய் திறக்கக் கூடாது. சாத்திய அறைக்கதவை யாரும் தட்டக் கூடாது. உள்ளே உறங்குவோர் இருப்பதால், வெளியே போகிறவர் கம்பிக்கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மூன்றையும் இயற்றியவள் லோகேஸ்வரி அக்கா. முதல் நீதி தன் சீரியலையே ஊமையாக்கிவிட்டதை அவள் பிறகுதான் உணர்ந்தாள். உணர்ந்தவள், உறங்கும் கார்த்திகேசுவின் ஹெட்போனை நாள்தோறும் இரவல் வாங்கித் தொலைக்காட்சியோடு சேர்த்துக்கொண்டாள். அவன் உறங்கினான், அவன் ஹெட்போன் அவள் செவியில் விழித்திருந்து மாமியார் மருமகள் வழக்குகளைக் கேட்டது. உடன் வாழ்ந்த பழக்கம் பொல்லாதது. கண் திறந்த மறுகணம் அது யாரைத் தேடும்?

முதல் தாக்குதல் தொடங்கிற்று. கார்த்திகேசு பொத்தானை அழுத்தினான். நீலக் கண் திறந்தது. "கனெக்டட்" என்று உள்ளிருந்து ஒரு மங்கை மொழிந்தாள். வெற்றி என்று அவன் விரல் நுனிவரை சிலிர்த்த வேளையில், கைபேசி கல்லாய்க் கிடக்க, இரு செவியிலும் ஒரு மாமியார் இருமினாள்.

"அக்கா, உங்க டிவி என் ஹெட்போன புடிச்சி வச்சிருக்கு!"

"அதுவா புடிக்குது தம்பி, நானா புடிச்சேன்? நீ எடுத்துட்டுப் போயிட்ட, நான் இங்க ஊமைப் படம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கீழ மலாய்ல எழுத்து ஓடுதேக்கா. படிங்களேன்."

"அழுகைய எழுத்துல படிச்சா கண்ணுல தண்ணி வருமா லா?" என்றாள் சக்கரவர்த்தினி, திரையிலிருந்து விழி அகற்றாமல். "இன்னிக்குத்தான் மாமியாக்காரி மருமகள வெளிய தள்ளுறா. எத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இது முடிஞ்சதும் கிள்ளான்ல தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வேற ஓடணும். யூனுஸ்தான் கார்ல விடுறான்."

தொலைக்காட்சியின் குடலுக்குள் புகுந்து அந்தக் கள்ள உறவை அறுத்துவிடலாம் என்றான் யூனுஸ். ரிமோட்டைக் கையில் எடுத்தான். மெனு பொத்தானை அழுத்தினான், அமுக்கினான், நகத்தால் கீறினான்.

"அந்த பட்டன் மட்டும் செத்துப் போச்சு," என்றாள் அக்கா. "போன தீபாவளிக்கே."

சேலைக்கடைச் சாணக்கியன் சோர்ந்தானில்லை. "அப்ப ஃபோன்ல ஃபர்கெட் குடு bro. பழச மறக்கணும். மறந்துட்டு புதுசா சேரணும். வாழ்க்கையே அதான்."

கார்த்திகேசு அந்த வாழ்க்கைத் தத்துவத்தை நம்பினான். நம்பியிருக்கக் கூடாது. கைபேசி, 'இக்கருவியை மறக்கவா?' என்று கேட்டது. மறந்தது. மறுகணம் திரையில், சுயம்வர மண்டபத்தில் மாலைக்குக் காத்திருக்கும் மன்னர் கூட்டமென, மேலும் கீழுமுள்ள மாடிகளின் கருவிகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்று எவர் வீட்டுத் தொலைக்காட்சியோ. ஒன்று கீழே நிறுத்திய எவர் காரோ. மற்றவை எழுத்தும் எண்ணும் குழம்பிய பெயர்களோடு குலம் கோத்திரம் தெரியாது நின்றன. அவற்றுள் ஒன்றை, இதுவே என் ஹெட்போன் எனத் துணிந்து, விரலால் மாலை சூட்டினான். இணைந்தது! குரல் வருகிறதா என்று பார்க்க, பல நாளாய் மனப்பாடம் செய்துவந்த நேர்காணல் பயிற்சிக் காணொளியை ஓடவிட்டான்.

செவியில் ஓசை எழவில்லை. எதிர்வீட்டில் எழுந்தது. முருகன் பாட்டைப் பாதிச் சரணத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு, அய்யாவு அங்கிளின் ஆளுயர ஒலிபெருக்கி, நீண்ட நடைக்கூடம் முழுதும் அதிர, செருப்பு வரிசைகள் நடுங்க, காயப்போட்ட துணிகள் படபடக்க, அடிவயிற்றிலிருந்து ஆங்கிலத்தில் கர்ஜித்தது: உங்களுடைய மிகப் பெரிய பலவீனம் எது?

உடனே எதிர்வீட்டிலிருந்து விடை வந்தது.

"முட்டி வலிதான்! யாருப்பா கேக்குறது?"

கார்த்திகேசு உறவை முறித்தான். முருகன் மீண்டார். நேரம் மூன்று இருபது.

அடுத்து வீரன் செய்தது வீரர் எவரும் சொல்லிக்கொள்ள விரும்பாதது. சோபாவின் முன் மண்டியிட்டான். "அக்கா, கொஞ்ச நேரம் டிவிய அடச்சுடுங்கக்கா. இந்த வேல கெடச்சா பகல்ல நீங்க சத்தமாவே பாக்கலாம். நான் வீட்லயே இருக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாதம் அரசியின் நெஞ்சைத் தொட்டது. விளம்பரம் வந்தது. "ஓடிப் போய் சேத்துக்கோ," என்று தொலைக்காட்சியை அணைத்தாள். இருள்முகம் காட்டி அரக்கன் வீழ்ந்தான். பிடியிலிருந்து நழுவிய ஹெட்போனைப் பொத்தான் அழுத்திப் பிடித்து, நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னச் செய்து, கைபேசியின் கையில் பிடித்துக் கொடுத்தான் கார்த்திகேசு. சேர்ந்தது! மெய்யாகவே சேர்ந்தது! வெற்றிக்களிப்பில் அறை வாசலில் நின்று வீடதிரப் பிரகடனம் செய்தான்:

"நான் ரூமுக்குள்ள இருக்கேன்! இன்டர்வியூ! கதவ யாரும் தட்டாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, சத்தமே காட்டாதீங்க!"

"சரி லா," என்றனர் இருவரும்.

கதவு சாத்தினான். கட்டிலில் நிமிர்ந்து அமர்ந்தான். தொண்டையைச் செருமினான். கூடத்தில் விளம்பரம் முடிந்திருக்கும் என்று அக்கா கணித்தாள். கணிப்பில் அவள் தவறியதே இல்லை. ரிமோட்டை உயர்த்தினாள். பிளைவுட் தடுப்பைப் பொருட்படுத்தாது, தூண்டிலில் மீனை இழுப்பதுபோல், தொலைக்காட்சி ஹெட்போனைத் தன்பால் இழுத்துக்கொண்டது. கார்த்திகேசுவின் இரு செவிக்குள்ளும் அசரீரி எழுந்தது:

"வெளிய போ! இனிமே இந்தக் கதவு உனக்குத் திறக்காது!"

அசரீரியை மதிக்காத அரசர்கள் என்ன ஆனார்கள் என்பது உலகறிந்தது. கார்த்திகேசு அதையும் யோசிக்கவில்லை. அவன் யோசித்தது தூரத்தை. பத்து மீட்டர். அரக்கனின் கை அதற்கு மேல் நீளாது. நடைக்கூடத்தின் கோடியில், கனத்த கதவுக்கும் கான்கிரீட்டுக்கும் அப்பால், அவசரப் படிக்கட்டு இருக்கிறது.

ஒரு கையில் கைபேசி, மறு கையில் கைலி முனை, தலையில் ஹெட்போன் என எழுந்தான். அறைக்கதவை வழக்கப்படி ஓசையின்றிச் சாத்தினான். யூனுஸ் குளித்துக்கொண்டிருந்தான். திரையிலோ மருமகள் வாசற்படியில் புரண்டுகொண்டிருந்தாள். அக்கணத்தில் யமனே எருமையோடு கூடத்தைக் கடந்திருந்தாலும் அக்கா தலை திருப்பியிருக்க மாட்டாள். வெறுங்காலோடு கடந்தான் வீரன். கம்பிக்கதவை ஒருக்களித்துவிட்டு ஓடினான். படிக்கட்டில் ஏறி, பதினான்காம் மாடித் திருப்பத்தில், யாரோ கைவிட்ட பூந்தொட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்தான். ஹெட்போனை அணைத்து மீண்டும் எழுப்பினான். அது கண் திறந்து, பழைய காதலைத் தேடி, நாற்புறமும் துழாவி, காணாது கலங்கி, கடைசியில் கதியற்றுக் கைபேசியிடம் வந்து சேர்ந்தது.

அப்போது இறங்கியது அமைதி. துளைக்கருவி மாண்டது. முருகன் பாட்டு மாண்டது. லிஃப்ட்டின் முனகலும், நாயின் குரைப்பும், நகரமும் மாண்டன. கிடங்கில் விடியலுக்கு முன் குளிர்பதனப் பெட்டிகள் ஒருசேர ஓயும் ஒரு நிமிடம் உண்டு. அதற்கு ஒப்பான அமைதி.

திரையில் மலர்விழி தோன்றினாள். ஆள்தேர்வு அதிகாரி. கேள்விகளை ஆங்கிலத்தில் கணையெனத் தொடுத்தாள்; பூந்தொட்டிக்குப் பக்கத்திலிருந்தவன் ஒவ்வொன்றையும் மார்பில் ஏந்தினான். இரவு வேலையை ஏன் விடுகிறீர்கள் என்ற கணை வந்தபோது, மனப்பாடம் செய்திருந்த வளர்ச்சி, வாய்ப்பு, சவால் யாவும் அவனைக் கைவிட்டன.

"தூங்கணும், மேடம்," என்றான் தமிழில்.

அவள் சிரித்துவிட்டாள். "நானும் ஆஸ்பத்திரி கவுண்டர்ல நைட்டு பாத்தவதான். எனக்குத் தெரியாதா?"

இதே வேளையில், இரு மாடி கீழே, சீரியல் முடிந்தது. கண்ணீரைத் துடைத்துப் பட்டுப்புடவை உடுத்து வெளிவந்த லோகேஸ்வரி அக்கா, சாத்திய அறைக்கதவைக் கண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"பாவம், உள்ள பேசிக்கிட்டு இருக்கான். செருப்ப கையில எடுத்துக்க."

"ஒரு குரல் சொல்லிட்டுப் போவோமே அக்கா?" என்று கிசுகிசுத்தான் யூனுஸ்.

"தட்டாதன்னு அவன்தானே சொன்னான். பூட்டு லா."

வாழ்நாளில் அவ்வீட்டார் அவ்வளவு அன்பாக நடந்ததில்லை. பூனையென நடந்து, மரக்கதவை மலரென மூடி, கம்பிக்கதவை இழுத்து, கையகலப் பூட்டைக் கொக்கியில் மாட்டி அழுத்தினர். அது 'க்ளக்' என்றது. கார்த்திகேசுவின் செவிக்கவசம் அந்த ஓசையையும் விழுங்கியது. கார் கிள்ளான் நோக்கிப் பாய்ந்து, நெடுஞ்சாலை நெரிசலில் கலந்தது.

"ஒண்ணு செய்யுங்க மிஸ்டர் கார்த்திகேசு," என்றாள் மலர்விழி. "நீங்க பிரிக்ஃபீல்ட்ஸ்தானே? பாஸ் அஞ்சு மணிக்கு பினாங்குக்குக் கெளம்புறாரு. அதுக்குள்ள ஐ.சி. கார்ட எடுத்துட்டு நேர்ல வந்துருங்க, கையெழுத்து போட்டுடலாம். விட்டா, அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாரு."

"இதோ வந்துட்டேன்!"

எழுந்தான் கார்த்திகேசு! ஹெட்போனைக் கழுத்தில் வெற்றிமாலையெனச் சரித்து, நீலப் பட்டை தோளில் கொடியெனப் பறக்க, கைலியை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டி, இனித் தனக்கு உரியவையாகப் போகும் இரவுகளை, தலையணைகளை, காலைத் தேநீரை, நடுப்பகல் வெயிலை ஒவ்வொன்றாய் நெஞ்சில் எண்ணி, இரண்டிரண்டு படிகளாய்த் தாவி இறங்கி, கனத்த கதவை மார்பால் மோதித் திறந்து, அய்யாவு அங்கிளின் ஒலிபெருக்கி சங்கென முழங்க நடைக்கூடத்தில் தேரென உருண்டு, தன் வாசலை அடைந்து, கம்பிக்கதவில் கை வைத்தான்.

சாவி கால்சட்டைப் பையில் இருந்தது, கால்சட்டை உள்ளே இருந்தது.