ஒரே தொட்டியில் இரண்டு பேர்

கப்பலில் வேலை பார்க்கும் என் மூத்த மகனுக்கு, உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீ எந்தக் கடலில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, ஈரக்காற்றில் நிற்காதே. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அது பொய்.

போன வியாழக்கிழமை உன் மாமியார் வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் போனபின் தனியாக இருக்கிறாளாம், இனிமேல் இங்கேயேதானாம், அதுவும் என் அறையிலேயாம். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, பைக்குள் தட்டு மாதிரி ஒரு மஞ்சள் மீன். "மாப்பிள்ளையோட உப்புத்தண்ணித் தொட்டியில ஒத்தை மீன்தான் இருக்குன்னு பொண்ணு சொன்னா, பாவமா இருந்துச்சு" என்றாள். ஒற்றையாய் இருப்பது பாவமாம். அது யாரைச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? படிப்புதான் மூன்றாம் வகுப்போடு நின்றது, காது நிற்கவில்லை. உன் கல்யாணத்தில் என்னை ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, ஓடுகிற விசிறிக்குக் கீழே தான் போய் உட்கார்ந்தவள்தானே இவள்? பதினாறு வருஷம் ஆகிறது. அந்த ஓடாத விசிறிக்கு மூன்று இறக்கை, அதில் ஒன்று வளைந்திருந்தது.

தொட்டியில் சுண்டுவிரல் நீளத்துக்கு நீலமாக இருக்கிறதே, நான் கடுகு என்று கூப்பிடுவேனே, அது மஞ்சளைப் பார்த்ததும் கல்லுக்கு அடியிலிருந்து அம்பாய் வந்தது. தன்னைவிட மூன்று மடங்கு பெரியதாயிற்றே என்று யோசிக்கவேயில்லை. துரத்து துரத்தென்று துரத்தி, வாலைக் கிழித்து, குழாய்க்குப் பின்னால் ஒடுக்கிவிட்டது. மஞ்சளும் லேசுப்பட்டதில்லை. அதற்கு வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள் மடங்கியிருக்கிறது, வேண்டும்போது விரிக்கிறது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற உன் மாமியாருக்கு அதே முள் நாக்கில். "உங்க மீனுக்கு நாலு பேரோட பழக்கமே இல்ல போல, சம்பந்தி" என்றாள். "எங்க மீன் அது வீட்டுலதான் இருக்கு. வந்ததுதான் ஒதுங்கி நிக்கணும்" என்றேன். உடனே உன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாச்சென்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். பிழைக்கத் தெரிந்தவள்.

மறுநாள் தொட்டிக் கடைக்காரனை வரவழைத்தேன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு எட்டிப் பார்த்து, "புதுசு விடுறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் இடம் மாத்தி வைக்கணும் பாட்டி. பழசுக்கு எது தன்னோட இடம்னு குழம்பிப் போயிடும், புதுசை அடிக்காது. உங்க மகன்தான் எனக்கே இதைச் சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உன் மாமியார் வருவதற்கு முதல் நாள்தான் உன் பெண்டாட்டி என் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து அலமாரிப் பக்கம் போட்டாள். எதற்கென்று கேட்டால், "அவர்தான் ஃபோன்ல சொன்னார் அத்தை, காத்தோட்டமா இருக்கும்னு" என்றாள். ஜன்னலை விட்டுட்டு அலமாரிக்குள்ளேருந்தா காத்து வரும்? பெத்த தாய்க்கே கல்லை மாத்தி வச்சியாடா? பத்து மாசம் சுமந்தவ உனக்கு மீனாடா? மீனு மறக்கும், நான் மறப்பேனா? நாலாவது படிக்கும்போது என் மூக்குக்கண்ணாடியை உடைச்சிட்டு பூனை மேல பழி போட்டியே, அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்ப நம்ம வீட்டுல பூனையே இல்ல.

கடைக்காரன் தொட்டிக்கு நடுவில் ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றைச் செருகிவிட்டுப் போனான். இந்தப் பக்கம் கடுகு, அந்தப் பக்கம் மஞ்சள். எங்கள் அறைக்குத்தான் தடுப்பில்லை. நான் ஜன்னலைத் திறக்கிறேன், அவள் சாத்துகிறாள், திறக்கிறேன், சாத்துகிறாள். ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இந்த மாதத்துக்குள் உன் மாமியாருக்கு டிக்கெட் எடு. இல்லையென்றால் எனக்கு எடு, உன் தம்பி வீட்டுக்குப் போகிறேன். இரண்டில் ஒன்று.

கடலும் காற்றும் உனக்கு அனுசரணையாக இருக்கட்டும். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. இரண்டையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு எழுதுவது. தடுப்புப் போட்ட நாளிலிருந்து கடுகு இரையைத் தொடவில்லை. ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் மஞ்சளும் அதே ஓட்டையில். பார்க்கச் சகிக்காமல் தடுப்பை உருவிவிட்டேன். இரண்டு சுற்று துரத்திவிட்டு வந்து வயிறாரத் தின்றது. டிக்கெட் யாருக்கும் வேண்டாம். என் கட்டிலைப் பழையபடி ஜன்னலோரம் போட்டாயிற்று. தனியாக அசைக்க முடியவில்லை, மறுமுனையைத் தூக்கியது உன் மாமியார்தான். இறக்கும்போது என் கால் மேல் இறக்கினாள். இடது கால், இரண்டாவது விரல், செவ்வாய்க்கிழமை.