விட்டுப் பிடித்த இடுப்பு

என் வயிற்றோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வீட்டில் நான் இருக்கணும், இல்லை அது இருக்கணும்.

எல்லாம் என் மனைவியால் வந்தது. அவள் தையல்காரி. துணி லூசாக இருந்தால் பிடிப்பாள், இறுக்கமாக இருந்தால் விடுவாள். போட்டுப் பார்க்கிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்வி: "எங்கயாவது பிடிக்குதா?"

திங்கட்கிழமை மிஷினை மிதித்துக்கொண்டே என் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போறோம். என் தம்பியும் வரான்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்."

"நீங்க வந்தாத்தான் நான் இறங்குவேன். குளத்துல முதலையா இருக்கு?"

முதலை இல்லை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று ஒரு பலகை இருக்கிறது. நான் ரயில் டிக்கெட் கவுண்டர்க்காரன். உலகம் என்னை மார்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறது. அதற்குக் கீழே நானே பார்ப்பதில்லை. குளிக்கும்போதுகூட கண்ணை மூடிக்கொள்வேன், சோப்பு எரிகிறது என்று சாக்கு. சட்டையை பேண்ட்டுக்கு வெளியேதான் தொங்கவிடுவேன். அவளுக்கோ தண்ணீர் என்றால் உயிர். இத்தனை வருஷமாக என் தொப்பை அவளைக் கரையிலேயே உட்கார வைத்திருக்கிறது. அது என்னை உறுத்தியது.

"சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தத் தொப்பையை விட்டுடறேன். அப்புறம் வரேன்."

"எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். சர்க்கரையை விட்டேன். ஆபீஸ் கேண்டீன் பன்னை நான் விட்டாலும் அது என்னை விடவில்லை. வீட்டில் ஒரு இடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கண்ணாடி முன்னால் நேராக நின்றேன், பக்கவாட்டில் நின்றேன், மூச்சை உள்ளே இழுத்தேன். மூச்சு வெளியே வந்தது, கூடவே தொப்பையும் வந்தது. பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

"அந்த பேண்ட்டுக்கே தலை சுத்துது. செத்த நேரம் உக்காருங்களேன்."

"உக்காந்தா மடிப்பு விழுது."

"துணின்னா மடிப்பு விழத்தான் செய்யும்."

"துணி இல்லடி, வயிறு!"

வியாழக்கிழமை அதிசயம் நடந்தது. மூச்சைப் பிடிக்காமலே பேண்ட் கொக்கி மாட்டியது! வெள்ளிக்கிழமை இன்னும் தாராளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்புக்குள் கையை விட்டு ஆட்டியே காட்டினேன்.

"பாத்தியா! எங்கயும் பிடிக்கலை!"

"அடேங்கப்பா, ஆளே பாதியாயிட்டீங்க!" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அந்த நூலை நான் கவனித்திருக்க வேண்டும்.

குளத்தங்கரையில் சட்டையைக் கழற்றி எறிந்தேன். யாரும் மயங்கி விழவில்லை. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தொபுக்கடீர் என்று குதித்தேன். என் மனைவி என்னைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள், சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மல்லாந்து மிதந்தேன். தொப்பை தண்ணீருக்கு மேலே ஜம்மென்று நின்றது. "சரி, இருந்துட்டுப் போ" என்றேன். பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

உடை மாற்றிய ஜோரில், முதல் தடவையாகச் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பின்னால் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, உங்க பின்னாடி பூ பூத்திருக்கு!"

தடவிப் பார்த்தேன். பேண்ட்டின் பின் இடுப்பைப் பிரித்து, கையகலத்துக்கு ஒரு பூப்போட்ட ஒட்டு. எங்கள் வீட்டு ஜன்னல் திரை!

"அடிப்பாவி! அப்ப நான் இளைக்கவே இல்லையா?"

"நீங்க குளிக்கப் போறப்பல்லாம் பேண்ட் இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். தையலுக்குள்ள மடிச்சு வச்சிருந்த துணி வெள்ளிக்கிழமையோட தீந்துபோச்சு. நீங்கதான் சட்டையை உள்ள விடவே மாட்டீங்களே, யார் பாக்கப் போறான்னு திரையை வெட்டிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஈரத் தலையோடு கிட்டே வந்து என் இடுப்பில் கை வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"இப்பப் பிடிக்குதாங்க?"

என் கண் கலங்கிவிட்டது.

"ரொம்பப் பிடிக்குதுடி!"

"ரொம்பவா? அப்ப இன்னொரு ஜன்னல் திரையையும் வெட்டணும்."