ஒரே மூச்சில் ஒரு வாழ்த்து

மூச்சு விடுவது சுலபமான காரியம், அதைப் பற்றி யோசிக்காதவரை. யோசிக்க ஆரம்பித்தவன் தொலைந்தான். நான் தொலைந்தது மலாயாவில், மெர்லிமாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் சின்னக் கிராணியாக இருந்தபோது (கிராணி என்றால் குமாஸ்தா, சின்ன என்றால் எல்லாரிடமும் திட்டு வாங்குபவன்).

அந்தக் காலத்தில் தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் எழுந்து, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப் பத்திரத்தைக் கணீரென்று வாசிப்பார். என்னோடு வேலை பார்த்த சுப்பையாவின் கல்யாணத்தில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மணப்பெண்ணின் சித்தப்பா வடிவேலு மெர்லிமாவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மகள் ராஜத்தின் மேல் எனக்கு ஒரு கண். ஒன்று என்ன, இரண்டும்தான். பெண் கேட்டு ஆள் அனுப்பியும் அவர் பிடி கொடுக்கவில்லை.

"வாழ்த்து வாசிக்கிறீங்களாமே தம்பி? வாசிங்க, கேக்குறேன். மத்தத அப்புறம் பேசலாம்" என்றார்.

பள்ளி ஆசிரியர் எழுதித் தந்த வாழ்த்தில் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. "நடுவுல மூச்சு வாங்கினா வாழ்த்து அறுந்துபோயிரும், பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று வேறு பயமுறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மீனவ ஊரான உம்பாய்க்குப் போய், கடலில், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பழகினேன். அடியில் எல்லாம் பச்சையாக, மெதுவாக இருந்தது. தலைக்கு மேலே வெயில் நெளிந்தது. வாழ்த்தின் வார்த்தைகள் மீன்குஞ்சுகள் மாதிரி வந்து போயின. ஒரு தடவை ராஜமும் வந்தாள். நான் மெய்மறந்து கிடந்தபோது ஒரு மலாய்க்கார மீனவர் என் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்து, "கீலா!" என்று கத்தினார். (பைத்தியம் என்று அர்த்தம். மனுஷன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.)

கல்யாணத்தன்று அத்தாப்பு ஓலைப் பந்தலில் தாலி ஏறியது, நாயனம் நின்றது. எதிரே வடிவேலு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ராஜம். நெஞ்சு கொள்ளுமட்டும் காற்றை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் பாதி பிரமாதம். பிறகு கூட்டம் மெல்ல விலகிப் போயிற்று. ஓலைப் பொத்தல் வழியாக விழுந்த வெயில் பொட்டுகள் தரையை விட்டுக் கிளம்பி மிதந்தன. என் குரல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எனக்கே கேட்டது. பயமே இல்லை, அவ்வளவு சுகம். ராஜத்தின் முகம் மட்டும் அசையாமல் தெரிந்தது. கடைசிச் சொல்லை எட்டிப் பிடிக்கப் போனேன். பிடித்தது பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை.

மரமும் நானும் கட்டிக்கொண்டே சாய்ந்தோம். குலை என் வயிற்றில் விழுந்தது. உள்ளே மிச்சமிருந்த காற்று விசித்திரமான சத்தத்தோடு வெளியேற, அதையே சைகை என்று நினைத்த நாயனக்காரர் மறுபடி ஊதத் தொடங்கினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் (எங்களுக்கு அவர்தான் டாக்டர்) ஓடிவந்து என் நெஞ்சில் காதை வைத்தார். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. இவரு மூச்சு விட மறந்துட்டாரு!"

பந்தலே சிரித்தது. வடிவேலு மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பக்கம் வாசிக்க முடியல. இவரு எப்படிலா குடும்பம் நடத்துவாரு?"

ராஜம் கைநழுவிப் போய்விட்டாள் என்றே முடிவு செய்து, சட்டையில் நசுங்கிய வாழைப்பழத்தோடு தோட்டத்துக்கு நடந்தேன்.

மறுவாரம் வடிவேலு என்னைத் தேடி வந்தார். "ஆவணியில வச்சுக்கலாம்" என்றார், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு. நம்ப முடியாமல் காரணம் கேட்டேன்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. புள்ள ஒத்தக் கால்ல நிக்குது. 'சண்டைன்னு வந்தா ரெண்டு பேச்சுக்கு மேல இவருக்கு மூச்சு இருக்காது, இவரே போதும்ப்பா'ங்குது."

ராஜத்தின் கணக்கு தப்பவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளும் நான் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன. மூத்த மகளுக்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். நான் வைக்க நினைத்த பெயர் என்னவென்று அவளே இன்னும் என்னைக் கேட்டுச் சிரிக்கிறாள். சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவள் அம்மா ஆரம்பித்துவிடுகிறாள்.