நாலாவது பட்டன்

கண் தெரியாதவன் பொய் சொல்லமாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, அவன் நன்றாயிருக்கட்டும். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் முழுக்கப் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. ஆனால் அங்கிருந்த பழைய போர்டில் ஒவ்வொரு சுவிட்சும் என் விரலுக்கு அத்துப்படி. எந்த மாடிக்கு லைன் கொடுப்பது, எப்போது ஒலிபெருக்கியில் 'பச்சைச் சட்டை போட்ட குழந்தை கேஷ் கவுண்டரில் அழுதுகொண்டிருக்கிறது' என்று அறிவிப்பது, எல்லாம் என் கையில். (கர்வம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.)

அந்தப் போர்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. புரோகிராம் எழுதியவன் பாலாஜி, மயிலாப்பூர்ப் பையன். "கவலைப்படாதீங்கோ சார், ஸ்கிரீன்ல இருக்கறதை வாய்விட்டுப் படிக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுத் தரேன்" என்று எங்கிருந்தோ ஒரு சாம்பிள் காப்பியைக் கொண்டுவந்து ஏற்றினான். அமெரிக்கக் குரல். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கால் பேசும். நாற்பது நிமிடம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது நிமிடம்.

அதுகூடப் பரவாயில்லை. பாலாஜிக்கு அழகுணர்ச்சி அதிகம். எழுத்து எதற்கு என்று ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு படம் போட்டு வைத்திருந்தான். சேலைப் பிரிவுக்குச் சேலை, வேட்டிப் பிரிவுக்கு வேட்டி. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் படத்தைப் படிக்க அந்த மூக்கடைப்புக்காரனுக்குத் தெரியவில்லை. நான் நகர்த்த நகர்த்த 'பட்டன்' என்றான். அடுத்ததும் 'பட்டன்'. மொத்தம் பதினான்கு தடவை 'பட்டன்'.

"என்னடே தாமு, மெஷினு பேசுதா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு மாசம் பாப்போம். சரிப்பட்டு வரலேன்னா மெஷினைத் திருப்பி அனுப்ப முடியாதுடே. ஒன்னையத்தான் பை வாங்கி வைக்கிற எடத்துல போடணும்."

பையை வாங்கி டோக்கன் கொடுப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த டெலிபோன் கூண்டில் உட்காருவதற்காக நான் நான்கு வருடம் கடை கடையாகப் படியேறி இறங்கியிருந்தேன்.

"பிரமாதமா பேசுது அண்ணாச்சி" என்றேன்.

பிறகு என்ன, எண்ண ஆரம்பித்தேன். வேட்டிப் பிரிவு முருகன் திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறைத் தோழன். அவனைத் திரைமுன் உட்காரவைத்து வரிசையை உருப்போட்டேன். முதல் பட்டன் அண்ணாச்சி ரூம், இரண்டாவது சேலை, மூன்றாவது மொத்தக் கடைக்குமான ஒலிபெருக்கி, நாலாவது முருகனின் வேட்டிப் பிரிவு. இப்படியே பதினான்குவரை.

"இன்னாத்துக்கு மச்சி இந்த அவஸ்தை? அந்தப் பையன்கிட்ட சொல்லிடேன்" என்றான் முருகன்.

"சொன்னா எனக்கு இது சரிப்பட்டு வரலன்னு ஆயிடும்டா."

இதே காலத்தில் இன்னொரு பொய்யும் ஓடிக்கொண்டிருந்தது. சேலைப் பிரிவு செல்வி தினமும் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவாள். அதில் உப்பு என்பது பேச்சுக்குக்கூட இருக்காது. "எப்படிங்க இருக்கு?" என்பாள். "பிரமாதம்" என்பேன். (அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் என் பிழைப்பே நடந்தது.)

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. எல்லாரையும் அசத்த வேண்டும் என்று பாலாஜி நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து, வரிசையின் ஆரம்பத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தான். அதை அமுக்கினால் நாதஸ்வரம் கேட்குமாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எதற்குச் சொல்வார்கள்? மெஷின்தான் எனக்கு எல்லாவற்றையும் பிரமாதமாகப் படித்துக் காட்டுகிறதே.

மத்தியானம் செல்வியின் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டினேன். மனம் வெறுத்துப் போயிருந்தது. முருகனிடம் புலம்பலாம் என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி அமுக்கினேன். பதில் இல்லை. வாயில் பாக்கை அடக்கியிருப்பான் என்று நினைத்து நானே தொடங்கினேன்.

"மச்சி, முடியலடா. இந்த மெஷின் ஒரு எழவையும் படிக்கல. ஒரு மாசமா எண்ணித்தான் அமுக்கறேன். அண்ணாச்சிகிட்ட பிரமாதம்னு சொல்லி வெச்சிருக்கேன். செல்வி சாப்பாட்டுல உப்பே இல்ல, அதையும் பிரமாதம்னு சொல்லி வெச்சிருக்கேன். உண்மையைச் சொன்னா இங்க வேலை போயிடும், அங்க செல்வி போயிடுவா."

கதவைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க முருகன் வந்தான். ஹெட்போனைப் பிடுங்கினான்.

"நைனா, இன்னா பண்ணிக்கினு கீற? கடை பூரா கேட்டுக்கினு கீது."

குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஓர் இடம் தள்ளிவிட்டதில், நாலாவது பட்டன் ஒலிபெருக்கியாகியிருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் அந்தக் கடை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் கேட்டதில்லை. ஐந்து மாடியும் துணி எடுப்பதை நிறுத்திவிட்டு என் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அதற்குள் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் வந்துவிட்டது.

"இதை ஏன்டே எங்கிட்ட சொல்லல?"

"வேலை போயிடும்னு பயம் அண்ணாச்சி."

"அஞ்சு மாடிக்குச் சொல்லுத. என் ரூமுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றவர், பாலாஜியைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் படத்துக்கெல்லாம் பேரு வைக்க எவ்வளவு நாளாவும்?"

"பத்து நிமிஷம் சார். படத்துக்கு அடியில பேரை டைப் அடிச்சா அது படிச்சுடும். தாமு சார் நன்னா பேசறதுன்னு சொன்னாரே, அதான் நான் பாக்கவே இல்ல."

பத்து நிமிடம். ஒரு மாதமாக நான் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பதினான்குவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாலாஜி அடித்து முடித்ததும் நகர்த்திப் பார்த்தேன். "குத்துவிளக்கு, அண்ணாச்சி ரூம்" என்று மூக்கால் சொன்னது. அடுத்து, "சேலை." அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவன்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த அண்ணாச்சி, "சரி சரி, இங்கனயே இரு. பை வைக்கிற எடத்துல போயி ஒனக்கு எண்ண என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி இருந்தாள் பாக்கி. சாயங்காலம்வரை சேலை எடுக்க வந்த மாமிகள் எல்லாரும் "நீதானா அந்தச் செல்வி?" என்று அவளை விசாரித்திருக்கிறார்கள். கூண்டுக்குள் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"உப்பு. அம்மாவுக்கு பிரஷர்னு கம்மியா போடறது. சொல்லியிருந்தா உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருப்பேன்ல?" கதவுவரை போய்த் திரும்பி, "அப்புறம், போயிடுவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள்.

கல்யாணமாகி நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். இப்போதும் நான் தட்டின் முன்னால் "நல்லாயிருக்கு" என்று முணுமுணுத்தால் செல்வி விடமாட்டாள். "எல்லா மாடிக்கும் சொல்லுங்க" என்பாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நேற்று மிளகு ரசம். சத்தியமாகப் பிரமாதம். போய்ச் சொன்னேன்.

எங்கள் கதை முழுக்கத் தெரிந்த கீழ்வீட்டு மாமா அங்கிருந்தே கேட்டார்: "தாமு, எண்ணிப் பாத்துண்டுதானே சொல்றேள்?"