புருவத்தோடு நின்ற பேத்தி

காரகோல்,
மார்ச் 2001

அன்பு மைத்துனன் மிர்லானுக்கு அத்தான் அசன்பாய் எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் நலமா, பிஷ்கெக்கில் பனி விட்டதா, உன் இடுப்புவலி எப்படி? இங்கே உன் அக்கா தாமிராவும் கணினியும் தவிர அனைவரும் நலம். ஏன் மின்னஞ்சலில் எழுதவில்லை என்று கேட்காதே. என் மோடம் டயல் செய்து முடிப்பதற்குள் இந்தத் தபால் கணவாய் தாண்டி உன்னிடம் வந்துவிடும்.

எங்கள் மகள் அய்கனிஷ் சியோலிலிருந்து குழந்தையின் படம் அனுப்பியிருப்பது உனக்குத் தெரியும். அங்கே அவள் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம். அதுவரை பேத்தியைப் பார்க்க எங்களுக்கு இந்தத் திரைதான் கதி. முதல் நாள் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. தலைமயிர் வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தபோது அடுத்த வீட்டு ராக்கியா யாரையோ கூப்பிடத் தொலைபேசியை எடுத்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. இணைப்பு அறுந்தது, உன் அக்கா அழுதுவிட்டாள். அதனால்தான் வேகத்தைக் கூட்ட உன்னிடம் வழி கேட்டேன். "நான் இருக்கேன்ல அத்தான், பறக்க விடறேன் பாருங்க" என்றாய்.

நீ சொன்னபடி உச்ச வேகத்தை ஏற்றினேன், மோடம் சேவல் மாதிரி கத்திவிட்டு அடங்கிப்போனது, குறைத்தேன், நம்மூர்ப் பழைய எக்ஸ்சேஞ்சுக்காக டக் டக்கென்று டயல் செய்யும் முறைக்கு மாற்றச் சொன்னாய், மாற்றினேன், ஏதோ ஒரு வரியைத் தட்டச் சொன்னாய், ஓர் எழுத்து தவறியதில் மோடம் ஒரு நாள் முழுக்க ஊமையாகக் கிடந்தது, கடைசியில் 'படங்களைக் காட்டு' என்ற இடத்தில் இருக்கும் டிக் குறியை எடுக்கச் சொன்னாய், அதையும் எடுத்தேன். என்ன வேகம் என்கிறாய், செய்தியெல்லாம் கொட்டியது. உன்னை மனதார வாழ்த்தினேன், அந்த வாழ்த்தைத் திருப்பிக் கொடு. ராக்கியா மறுபடி தொலைபேசியை எடுக்காமலிருக்க அவரையே குழந்தை முகம் பார்க்க அழைத்தோம். நம் வழக்கப்படி வெறுங்கையோடு குழந்தை முகம் பார்க்கக் கூடாதே, ஓர் ஆட்டுக்குட்டியை இழுத்து வந்தார். பொரித்த போர்சோக் ரொட்டியும் பாலாடையும் பரப்பி, படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். சட்டென்று திறந்தது. நடுவில் ஒரு வெற்றுச் சதுரம், மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி.

"எங்கண்ணே குழந்தை?"

"இதுக்குள்ளதான் இருக்கும்மா."

"மூடி வச்சிருக்கீங்களா? ஓ, என் ஆடு பத்தலையா? நேரா கேட்டா என்ன?"

நான் மோடத்தைப் பற்றி விளக்குவதற்குள் போய் இரண்டாவது குட்டியைக் கொண்டுவந்துவிட்டார். வேண்டாமென்றால் அவமானம், வாங்கினால் காட்ட முகம் இல்லை. உன் அக்காவோ, "என் தம்பியைத் திட்டாதீங்க. அவன் குறியைத்தானே எடுக்கச் சொன்னான், குழந்தையையா எடுக்கச் சொன்னான்?" என்கிறாள்.

இருபது வருடம் பஸ் ஓட்டியவன் நான். பயணிகளை இறக்கிவிட்டால் எந்த பஸ்ஸும் வேகமாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே நேரில் வந்து சரிசெய்து, ராக்கியாவுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போ.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டில் ரொட்டி குறையாதிருக்கட்டும், உன் இடுப்பு நிமிரட்டும்.

கோபத்தோடு,
அத்தான் அசன்பாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தாமிரா அந்தக் குறியைத் திரும்பப் போட்டுவிட்டாள். ராக்கியாவை மறுபடி அழைத்தோம். அதே பழைய வேகம். கண் வந்தது, தேநீர் ஆறியது, மூக்கு வந்தது, அது யாருடைய மூக்கு என்று எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. உதடு வந்தபோது உன் அக்கா திரையில் விரல் வைத்துத் தடவினாள். "மெதுவாவே வரட்டும்ங்க" என்றாள் தாமிரா. இன்று காலை அவள் மறுபடி பார்க்க உட்கார்ந்தாள். கணினி படத்தை எங்கோ எடுத்து வைத்திருக்கிறது போலும், ஒரே நொடியில் முழு முகமும் வந்து நின்றுவிட்டது. அவளுக்குப் பிடிக்கவில்லை. நீ வர வேண்டாம். அது திரும்பக் கோடு கோடாக வர எந்தக் குறியை எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுது.