சத்தம் அக்காவும் நாலு சில்லும்

வன்னியில் ஓடுகிற வாகனங்களுக்கு வாயிருந்தால், அவை ஒரே ஒரு மனிதரோடுதான் கதைத்திருக்கும். அவர் எங்கள் வெளிக்கள அலுவலகத்தின் பிக்கப் சாரதி. சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் சத்தம் அக்கா.

அவர் ஓட்டும்போது ரேடியோ கிடையாது. நாங்களும் வாய் திறக்கக் கூடாது. வண்டியில் எழும் சத்தங்கள் அவருக்கு இரண்டே வகை. பழுது என்றால் அந்த இடத்திலேயே வண்டி நிற்கும். மற்றதற்கு, "அது பழுதில்லை, ஓடட்டும்" என்பார்.

ஒருமுறை புதிதாக வந்த பெரிய அதிகாரி முன் ஆசனத்தில் ஏறினார். குழிக்குக் குழி 'கடக்' என்றொரு சத்தம். அக்கா மூன்று தரம் நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நாலாம் தரம் இறங்கவில்லை. அதிகாரியின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. அது உங்கட முழங்கால்."

வைத்தியரும் பிறகு அதையேதான் சொன்னாராம்.

உண்மையான பழுதென்றால் முல்லைத்தீவில் கராஜ் வைத்திருக்கும் நானாவுக்குப் போன் எடுப்பார். விளக்கமெல்லாம் கிடையாது. அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் போட்டுக் காட்டுவார். நானா கேட்டுவிட்டு, எந்தச் சாமான் போனதென்று சொல்வார். மீன் சந்தையில் நின்று அக்கா ஒரு தேய்ந்த பேரிங்கைப் போட்டுக் காட்டியபோது, இரண்டு நாய்கள் மீனை விட்டுவிட்டு ஓடின.

என் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை கிளிநொச்சியில் பத்து மணிக்கு. வயதெல்லைப்படி எனக்கு அதுதான் கடைசித் தடவை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா அன்று கடலுக்கே போகவில்லை. நாயாற்றில் எங்கள் வாசல்வரை மணல் என்பதால், அக்கா பிக்கப்போடு வந்து ஏற்றினார்.

மணலில் முன்சக்கரமும் சேர்ந்து நாலு சில்லும் இழுக்கும்படி கியர் போட்டதும், கீழே 'ஊ' என்று ஒரு ஊளை. நான் பதறினேன்.

"அது பழுதில்லை, தம்பி. ஓடட்டும்."

தார் றோட்டில் ஏறியதும் அக்கா அந்தக் கியரை எடுக்கக் கை வைத்தார். நான் தடுத்தேன். இரண்டு சில்லு இழுப்பதைவிட நாலு சில்லு இழுத்தால் வேகம் கூடத்தானே என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். என் நாள் அது என்பதாலோ என்னவோ, கையை எடுத்துவிட்டார்.

அடுத்தடுத்த வளைவுகளில் 'கிர்ர்ர்… டொக்!' ஸ்டியரிங் இறுகியது. ரயர் றோட்டோடு சண்டை பிடித்தது. அக்கா ஓரமாக நிறுத்திக் கியரை எடுத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. மணி எட்டரை.

அக்கா நானாவுக்குப் போன் எடுத்து, "கிர்ர்ர்… டொக்" என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நானா கத்தியது எனக்கே கேட்டது. "தார் றோட்டில நாலு சில்லுப் போட்டு ஓடினது ஆரு? அது மணலுக்கு மட்டும்தானே, தாரில கியர் இறுகிப்போகும்!"

நான் தலையைக் குனிந்தேன்.

"நான்தான் நானா," என்றார் அக்கா. "எடுக்க மறந்திட்டன்."

வண்டியின் சின்ன முனகலைக்கூட மறக்காத மனுசி சொன்ன ஒரே பொய் அது.

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வண்டியைப் பின்னால் கொஞ்சம் எடுக்கச் சொன்னார் நானா. எடுத்தார். அடியில் 'டொக்' என்று எதுவோ தளர்ந்தது. கியர் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு வழியில் விசுவமடு எப்போது கடந்துபோனதென்று எனக்குத் தெரியாது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க இறங்கினேன்.

நியமனக் கடிதம் வந்த அன்று, அப்பாவுக்குச் சொன்ன கையோடு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா" என்றதற்கு மேல் சொல் வரவில்லை. விக்கி அழுகிற சத்தம்தான் வந்தது. அந்தப் பக்கம் அக்கா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது பழுதில்லை, தம்பி," என்றார் கடைசியில். "ஓடட்டும்."